ஊர் வரலாற்றைக் காக்கும் கூட்டு முயற்சி: புத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

ஓர் ஊரின் வரலாறு ஒரே இடத்தில் முழுமையாகக் கிடைப்பதில்லை. கோயிற் சுவரில் ஒரு பகுதியும், அரசுப் பதிவறையில் ஒரு பகுதியும், பழைய கணக்கர் குடும்பத்துப் பரணில் ஒரு பகுதியும், முதியோரின் நினைவில் எஞ்சிய பகுதியுமாக அது சிதறிக் கிடக்கிறது. இவற்றுள் எந்த ஒன்றையும் ஒரு தனி நிறுவனம் முழுதும் தன் பொறுப்பில் வைத்திருக்கவில்லை. எனவே, ஊர் வரலாற்றைத் தொகுத்துக் காப்பது பல அமைப்புகள் ஒருங்கே ஈடுபட்டாலன்றி நிறைவேறாத பணியாகும்.

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில், திருப்பதிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்னதாக உள்ள புத்தூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இது வட ஆர்க்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகர் ஜமீன் பகுதியாக விளங்கியது. 1911 ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்திலும், 1956-இல் ஆந்திரப் பிரதேசத்திலும் இடம்பெற்றது. பட்டாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரலில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு மாற்றப்பட்டபோது, ஒரே ஜமீனில் இருந்த ஊர்கள் இரு மாநிலங்களாகப் பிரிந்தன. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மீண்டும் பிரிக்கப்பட்டபோது புத்தூர் புதிய திருப்பதி மாவட்டத்திற்குச் சென்றது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் ஆவணங்கள்தாம் வீடு மாறிக்கொண்டே இருந்தன. புத்தூரின் நிலவரலாற்றை ஆராய முற்படும் மாணவர் ஒருவர் சென்னை, வேலூர், சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்கள் அனைத்திலும் தேட வேண்டிய நிலை இவ்வாறு ஏற்பட்டது.

கல்லின் மொழியும் பள்ளியின் எழுத்தும்

இவ்வட்டாரத்தின் தனிச் சிக்கல் மொழியைச் சார்ந்தது. பல்லவர், பாணர், சோழர், யாதவராயர் காலங்களில் இப்பகுதி தொண்டை மண்டலத்தின் வட எல்லையாக இருந்தது. திருச்சானூரைப் பழைய கல்வெட்டுகள் ‘திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டுத் திருச்சுகனூர்’ எனக் குறிக்கின்றன. திருமலை, திருப்பதிக் கோயில்களில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. ஏர்ப்பேடு மண்டலத்துக் குடிமல்லத்திலுள்ள பரசுராமேசுவரர் கோயிற் கல்வெட்டுகளும் தமிழே. அவ்வூர் அவற்றில் ‘திருவிப்பிரம்பேடு’ எனப்படுகிறது.

இன்றோ இவ்வூர்களின் பள்ளிகளில் பெரும்பாலும் தெலுங்கே பயிற்றுமொழி. கோயிலைச் சுற்றி விளையாடும் சிறுவனுக்கு அதன் சுவரில் உள்ள எழுத்து அந்நியமாகத் தோன்றுகிறது. தமிழ் பேசும் குடும்பங்கள் புத்தூர், நகரி வட்டாரங்களில் கணிசமாக வாழ்கின்றன எனினும், பேச்சுத் தமிழை மட்டும் அறிந்தவர் பத்தாம் நூற்றாண்டு எழுத்தைப் படித்துவிட இயலாது. இது புத்தூருக்கு மட்டும் உரிய நிலையன்று. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மராட்டியர் கால மோடி ஆவணங்கள் குவிந்துள்ளன. அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே. மொழிவழி மாநிலங்கள் அமைந்தது நிருவாகத்திற்கு நன்மை பயத்தது. ஆனால் எல்லையோர ஊர்களின் பழைய ஆவணங்களுக்கு இயல்பான வாசகர் இல்லாமற் போயினர் என்பதும் உண்மையே.

தன்னால் படிக்க முடியாத ஒன்றைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் ஊராருக்கு எளிதில் தோன்றாது. திருப்பணி நடைபெறும்போது கல்வெட்டுள்ள அடித்தளம் சிமெண்டுப் பூச்சில் மறைவதும், மணல் வீச்சு முறையில் சுவரைத் தூய்மை செய்கையில் எழுத்தின் விளிம்புகள் தேய்வதும், துண்டுக் கற்கள் படிக்கட்டாக மாறுவதும் இதனாலேயே. இவற்றைச் செய்வோர் பக்தியுடன்தான் செய்கின்றனர். தீய நோக்கம் எதுவும் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைக் கற்றளியாக மாற்றியபோது, அங்கிருந்த பழங்கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மீண்டும் படியெடுத்து வெட்டச் செய்தார். திருப்பணிக்கு முன் ஆவணத்தைக் காக்க வேண்டும் என்ற நெறி நம் நாட்டுக்குப் புதியதன்று.

காளத்தியில் 2010 மே 26-ஆம் நாள் நிகழ்ந்தது இங்கு நினைவுகூரத்தக்கது. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ஏழுநிலைக் கோபுரம் அன்றிரவு முழுமையாகச் சரிந்து வீழ்ந்தது. அரசர் அதனைக் கட்டுவித்த செய்தியைக் கூறும் கல்வெட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொல்லியல் துறையால் படியெடுக்கப்பட்டிருந்தமையால், அச்செய்தி தப்பியது. புதிய கோபுரம் 2017-இல் குடமுழுக்குக் கண்டது. கல் போனாலும் படி நிற்கும் என்பதையும், படி எடுக்கப்படாதவை கல்லோடு போகும் என்பதையும் ஒரே நிகழ்ச்சி காட்டிவிட்டது.

முன்னோர் செய்த பணி

இவ்வட்டாரத்தில் வரலாற்றுத் தொகுப்புப் பணி வெறுமையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் மகந்துகளின் நிருவாகத்தில் இருந்தபோதே, 1920-களில், சாது சுப்பிரமணிய சாஸ்திரி கல்வெட்டுகளை முறையாகப் படியெடுக்கும் பணியில் ஈடுபட்டார். 1930-களில் அவை ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. அன்னமாசாரியரின் கீர்த்தனைகள் பொறிக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகள் திருமலைக் கோயிலின் சிறு அறையொன்றிலிருந்து அதே காலத்தில்தான் வெளிக்கொணரப்பட்டன. 1939-இல் தேவஸ்தானம் நிறுவிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், 1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தின் உறுப்பாகப் பின்னர் ஆயிற்று. ஆக, கோயிலும் பல்கலைக்கழகமும் தத்தம் பங்கை ஆற்றியே வந்துள்ளன. விடுபட்டுப் போனவை பெரும்பாலும் சிற்றூர்களே.

திருமலைத் தொகுதிகளின் பயன் சமய வரலாற்றோடு நின்றுவிடவில்லை. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் அன்பர்கள் கோயிலுக்கு அளித்த பொன்னும் பணமும் பெட்டியில் பூட்டப்படவில்லை. அவற்றைக் கொண்டு கோயிலுக்குரிய கிராமங்களில் ஏரிகளும் கால்வாய்களும் வெட்டப்பட்டன. அதனால் மிகுந்த விளைச்சலிலிருந்து கட்டளைகள் நடைபெற்றன. அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் வெளியிட்ட ஆய்வு, இக்கல்வெட்டுகளை ஆதாரமாகக் கொண்டே கோயிலை ஒரு வேளாண் முதலீட்டு நிறுவனமாக விளக்கியது. எந்த ஏரி எப்போது வெட்டப்பட்டது, அதன் நீர் எவ்வூருக்கு உரியது என்ற செய்திகள் இன்றைய பாசன அலுவலர்க்கும் பயன்படக்கூடியவை. தூர்ந்துபோன வரத்துக் கால்வாயொன்றைத் தேடும் பொறியாளர் இவற்றைப் புரட்டிப் பார்ப்பது வீண் வேலையாகாது.

இதற்கும் முன்னர் நிகழ்ந்த முயற்சி ஒன்று கசப்பான பாடத்தைத் தருவது. நில அளவைத் தலைவராக விளங்கிய காலின் மெக்கன்சி (1754–1821) தென்னாடெங்கும் ஊர் வரலாறுகளைத் திரட்டியது யாவரும் அறிந்ததே. ஊர்க் கணக்கர்கள் வழிவழியாகப் பேணிய ‘தண்டகவிலெ’ என்னும் பதிவேடுகளிலிருந்தும், பெரியோரின் வாய்மொழியிலிருந்தும் ‘கைபீது’ எனப்படும் ஊர் வரலாற்றுக் குறிப்புகள் எழுதப்பட்டன. இப்பணியின் முதுகெலும்பாக இருந்தவர் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா, ராமசாமி ஆகிய தெலுங்குச் சகோதரர்கள். மெக்கன்சியின் மறைவுக்குப் பின் லட்சுமய்யா, சென்னையில் இந்தியர்கள் அடங்கிய இலக்கியச் சங்கமொன்றின் வாயிலாக இப்பணியைத் தொடர விரும்பி 1830-களில் அரசிடம் உதவி கோரினார். அறிஞர் குழுவின் கருத்துக் கேட்கப்பட்டது. இந்தியர் ஒருவர் தலைமையில் இத்தகைய ஆய்வு இயலாது என்ற நோக்கில் கோரிக்கை தள்ளப்பட்டது. வெள்ளையர் ஒருவரின் பெயரில் இருபது ஆண்டுகள் அப்பணியைச் செய்து காட்டியவர்களிடம், அதே பணியை ஒப்படைக்க மறுத்தனர். உள்ளூர் மக்களைத் தகவல் தருவோராக மட்டும் கருதும் போக்கு அன்றோடு மறைந்துவிட்டது என்று கூற இயலாது.

கடப்பையில் நடந்தது

புத்தூருக்கு அருகிலேயே, பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில், ஊரார் ஒன்றுகூடி வெற்றி கண்ட எடுத்துக்காட்டு உண்டு. தெலுங்கு அகராதி தொகுத்த சார்லஸ் பிலிப் பிரௌன் (1798–1884) 1820-இல் அலுவலராகக் கடப்பைக்கு வந்தார். பின்னர் அங்குப் பங்களா ஒன்றை வாங்கி, தம் செலவில் பண்டிதர்களை அமர்த்தி, தெலுங்குச் சுவடிகளைப் படியெடுக்கச் செய்தார். அந்தப் பங்களா காலப்போக்கில் இடிந்து, அடித்தளமே எஞ்சியது.

1980-களில் அவ்வூர் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அந்த இடத்தில் ஒரு நூலகம் எழுப்ப முனைந்தனர். அவர்களுள் முன்னின்றவர் ஜானமத்தி அனுமத் சாஸ்திரி. அறக்கட்டளை ஒன்று அமைந்தது. மாவட்ட நிருவாகம் துணைநின்றது. பொதுமக்கள் பணமாகவும் நூலாகவும் சுவடியாகவும் அளித்தனர். 1990-களில் நூலகம் செயற்படத் தொடங்கியது. பின்னர் அது யோகி வேமன பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் மொழி ஆய்வு மையமாக வளர்ந்தது. கடப்பை மாவட்டத்து ஊர்களைப் பற்றிய மெக்கன்சி கைபீதுகள் அம்மையத்தின் வாயிலாக நூல் தொகுதிகளாக வெளிவந்துள்ளன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்க் கணக்கர்கள் கூறியவை, அச்சு வடிவில் அவ்வூர்களுக்கே திரும்பி வந்தன.

இம்முயற்சியில் கருதத்தக்க கூறு, பொறுப்புக் கைமாறிய முறையாகும். நம் நாட்டில் வரலாற்று மன்றங்கள் பெரும்பாலும் ஓர் ஆர்வலரின் உழைப்பில் தோன்றி, அவர் ஓய்ந்ததும் ஓய்ந்துவிடுகின்றன. அவருடைய அலமாரியில் இருந்த படிகளும் குறிப்புகளும் பழைய தாள் வணிகரிடம் சேர்கின்றன. கடப்பையிலோ தனியார் ஆர்வம் அறக்கட்டளையாகவும், அறக்கட்டளை பல்கலைக்கழக மையமாகவும் மாறியது. தொடங்கியவர்கள் மறைந்த பின்னரும் நூலகம் நிற்கிறது.

தமிழ்நாட்டில் வேறொரு வகை அமைப்பு வளர்ந்துள்ளது. 1982-இல் திருச்சியில் மருத்துவர் இரா. கலைக்கோவன் நிறுவிய டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம், தொழில்முறை வரலாற்றாசிரியர் அல்லாதோரும் கோயில்களை வரிசையாக ஆய்ந்து வெளியிட முடியும் என்பதைக் காட்டியது. தஞ்சையை இருப்பிடமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ‘ஆவணம்’ என்னும் ஆண்டிதழை வெளியிட்டு வருகிறது. பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும் தம் ஊரில் கண்டறிந்த புதிய கல்வெட்டுகளின் பாடம், இடம், காலம் ஆகியன அதில் பதிவாகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற நடுகல் மிகுந்த மாவட்டங்களில் உள்ளூர் ஆய்வுக் குழுக்கள் அரசு அருங்காட்சியகத்துடன் இணைந்து பணியாற்றுகின்றன. கண்டவரின் பெயரோடு கண்டுபிடிப்பை அச்சேற்றும் பொது இதழ் ஒன்று இருப்பதே, தனித்தனிக் குழுக்களுக்கு இடையிலான போட்டியைப் பெருமளவு தணித்திருக்கிறது எனலாம்.

வளர்ச்சிப் பணியோடு வரலாற்றை இணைத்த பெருமை கேரளத்திற்கு உரியது. அங்கு 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், ஒவ்வோர் ஊராட்சியும் தன் வளர்ச்சி அறிக்கையைத் தானே தயாரித்தது. அவ்வறிக்கைகளில் ஊரின் வரலாறு ஓர் இயலாக இடம்பெற்றது. நிலம் எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது, எத்தொழில் நலிந்தது, எந்த நீர்நிலை மறைந்தது என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிய பின்னரே திட்டம் வகுக்கப்பட்டது. அறிக்கைகளின் தரம் ஊருக்கு ஊர் வேறுபட்டது இயல்பே. எனினும், ஊர் வரலாறு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்ற கருத்து அங்கு மாறியது. பதினான்காவது நிதிக்குழுவின் பரிந்துரைக்குப் பின், 2015 முதல் நாடெங்கும் ஊராட்சிகள் வளர்ச்சித் திட்டம் வகுத்து வருகின்றன. ஊர் வரலாற்றுக்கு அதில் இரண்டு பக்கம் ஒதுக்குவதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.

புத்தூர் வட்டாரத்தில் செய்யக்கூடியவை

புத்தூரைச் சுற்றிலும் பதிவு செய்யத்தக்கவை பல. நாராயணவனம் கோயிலும் கார்வேட்டிநகர் ஜமீன் மரபும் ஒருபுறம். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பாளின் பெயரால் அமைத்த நாகலாபுரமும், முதலாம் ஆதித்த சோழன் உயிர்நீத்த இடத்தில் அவன் மகன் பராந்தகன் எழுப்பிய தொண்டைமானாட்டுக் கோயிலும் மறுபுறம். ஆனால் அரசர்களையும் கோயில்களையும் மட்டும் வரலாறு எனக் கொள்வது குறையுடையது. மூங்கில் தப்பையும் பச்சிலையும் கொண்டு முறிந்த எலும்பைக் கூட்டும் ‘புத்தூர்க் கட்டு’ தென்னாடெங்கும் பெயர் பெற்றது. நகரி, நாராயணவனம் பகுதிகளின் நெசவாளர்கள் கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறியது ஒரு தலைமுறையின் வாழ்க்கையையே புரட்டிய நிகழ்ச்சி. அரக்கோணம்–ரேணிகுண்டா இருப்புப்பாதை இவ்வூர்ச் சந்தைக்குக் கொணர்ந்தது எது, கொண்டுசென்றது எது என்பதும் கேட்டறியத்தக்கதே. இவற்றுக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. எழுபது, எண்பது வயதினரின் வாய்மொழியே சான்று. எனவே, கல்லைவிட மனிதர்களை முதலில் அணுக வேண்டிய அவசரம் உண்டு.

கணக்கர் பதிவேடுகளும் அவ்வாறே. ஆந்திரப் பிரதேசத்தில் பரம்பரைக் கர்ணம் பதவி 1984-இல் ஒழிக்கப்பட்டது, தமிழ்நாட்டில் 1980-இலேயே. அரசுக்கு உரிய கணக்குகள் வருவாய்த் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆயினும், தலைமுறை தலைமுறையாக வீட்டில் சேர்ந்த நகல்களும் கடிதங்களும் ஓலைகளும் பல குடும்பங்களில் தங்கிவிட்டன. இவற்றைக் கேட்டு வாங்க முற்படுவது தவறான அணுகுமுறை. நிலத் தகராறு வந்துவிடுமோ என்ற அச்சத்தால் குடும்பத்தார் மறுத்துவிடுவர். ஆவணம் உரியவர் வீட்டிலேயே இருக்க, அவர் முன்னிலையில் ஒளிப்படம் எடுத்து, ஒரு படியை அவருக்கே அளிப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

பணிப் பகிர்வு கடினமானதன்று. கிளை நூலகம் படிகளைச் சேமிக்கும் இடமாகலாம். உயர்நிலைப் பள்ளிகள் முதியோர் பேட்டிகளை மேற்கொள்ளலாம். கோயில் நிருவாகம் திருப்பணிக்கு முன் அறிவிப்புத் தர இசையலாம். பல்கலைக்கழகத் துறைகள் படித்துச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்கலாம். எல்லைக்கு அப்பால், திருத்தணிப் பகுதியிலுள்ள தமிழாசிரியர்களும் கல்வெட்டுப் பயிற்சி பெற்றோரும் இக்குழுவில் இடம்பெறுவது இன்றியமையாதது. அவர்களின்றிக் கல்வெட்டுகளைப் படிக்க இயலாது. தெலுங்கு அறிந்த உள்ளூர் ஆசிரியரின்றி அவர்கள் படித்ததை ஊருக்குச் சொல்லவும் இயலாது. கல்வெட்டின் பாடத்தைத் தமிழ் எழுத்திலும், அதே பாடத்தைத் தெலுங்கு எழுத்திலும், பொருளைத் தெலுங்கிலுமாக மூன்று பத்திகளில் தருவது இதற்கு எளிய வழி.

களப்பணியில் ஈடுபடுவோர் சில எச்சரிக்கைகளை மனத்திற்கொள்ள வேண்டும். எழுத்துத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியும் மாவும் எண்ணெயும் பூசும் வழக்கம் கல்லுக்குத் தீங்கானது. மைப்படி எடுப்பது, அதாவது ஈரத்தாளைத் தூரிகையால் தட்டி எழுத்துக் குழிக்குள் பதித்து மேலே மை ஒற்றுவது, பயிற்சி பெற்றவரின் பணி. மற்றவர்களுக்கு மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுக்கும் ஒளிப்படமே போதுமானது. எந்தச் சுவர், எந்தத் திசை, எத்தனை வரி, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பவை உடன் குறிக்கப்படாவிடில் படத்தின் பயன் பாதியாகிவிடும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பது கட்டாயம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களையும் எழுபத்தைந்தாண்டுக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள சுவடிகளையும் தொல்பொருளாகக் கொள்கிறது. குழுவினர் தாமே அகழ்வது எந்நிலையிலும் கூடாது.

முரண்பட்ட கதைகளும் வரும். ஒரே நடுகல்லை இரு குடும்பங்கள் தம் முன்னோருடையது எனக் கூறலாம். ஒரு சாதியார் பெருமையாகச் சொல்வது மற்றொருவருக்கு இழிவாகத் தோன்றலாம். குழுவின் வேலை தீர்ப்பு வழங்குவதன்று. யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை அவரவர் பெயரில் தனித்தனியே எழுதி வைப்பதே முறை. இங்கிலாந்தில் 1899-இல் தொடங்கிய விக்டோரியா மாவட்ட வரலாற்றுத் தொகுதிகள் இன்னும் முடிவுறவில்லை. உள்ளூர்த் தொண்டர்களின் துணையோடு மாவட்டம் மாவட்டமாக அவை இன்றும் வளர்கின்றன. இலங்கைத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் மின்னாவணத் திட்டமோ, போரில் அழிந்தவை போக எஞ்சிய நூல்களையும் இதழ்களையும் சிற்றூர் வெளியீடுகளையும் விரைந்து படியெடுத்துப் பொதுவில் வைத்தது. நிதானமும் விரைவும் இருவேறு நெறிகள். புத்தூரில் கல்வெட்டுகளுக்கு முன்னதும், முதியோரின் நினைவுகளுக்குப் பின்னதும் பொருந்தும்.

படிகளை ஒரே இடத்தில் வைப்பது போதாது. ஊரில் ஒன்று, மாவட்டத் தலைநகரில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஒன்று என மூன்றிடங்களில் இருத்தல் வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் தமிழ்க் கல்வெட்டுப் படிகள் நெடுங்காலம் மைசூரில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஓர் ஊரின் ஆவணத்தைக் காண அவ்வூரார் எத்தனை தொலைவு செல்ல வேண்டும் என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது இதிலிருந்து விளங்கும்.

பள்ளி மாணவர்களைக் கொண்டு தொடங்கத்தக்க முதற்பணியை ஊர்ப்பெயரே அளிக்கிறது. புத்தூர் என்பது ‘புது ஊர்’ எனப் பொருள்படலாம்; ‘புற்று ஊர்’, அதாவது புற்றூர், பேச்சில் திரிந்ததாகவும் இருக்கலாம். பேச்சுத் தமிழில் புற்று ‘புத்து’ ஆகிவிடுவதால் காதுக்கு இரண்டும் ஒன்றே. தெலுங்கு எழுத்திலும் வேறுபாடு தெரியாது. கல்வெட்டுத் தமிழிலோ றகரமும் தகரமும் வெவ்வேறு எழுத்துகள். அக்கம்பக்கத்துக் கோயில்களின் அச்சிட்ட கல்வெட்டுப் பாடங்களை நூலகத்தில் எடுத்து, இப்பெயர் வருமிடமெல்லாம் எழுத்தைக் குறித்து, எவ்வாண்டில் எவ்வடிவம் எனப் பட்டியலிடும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரு கோடை விடுமுறைக்குள் செய்து முடிக்கலாம்.